கல்லடி: கான் (வடிகால்) அடைப்பு எடுக்க பிரஷர் மெஷின் வாங்குவதென்றால் எத்தனை பார் அழுத்தம் வேண்டும்?

கல்லடிக் கரை:

வணக்கம். கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீட்டோடு சேர்த்து ஆறு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். கீழே குசினி, காலையும் இரவும் சாப்பாடு உண்டு. பின்பக்கத்து லைன் திரும்பத் திரும்ப அடைக்கிறது. குசினி சிங்கிலிருந்து 2 இஞ்சி பைப், பாத்ரூம்களிலிருந்து 4 இஞ்சி பிவிசி, இரண்டும் வளவுக்குள் ஒரு சின்னக் குழியில் சேர்ந்து அங்கிருந்து 90 அடி போல ஓடி செப்டிக் டாங்கில் விழுகிறது. நடுவில் இரண்டு வளைவு. கட்டின மேசன் இப்போது கட்டாரில், கேட்க ஆளில்லை.

இதுவரை ஆள் பிடித்துக் கம்பி விட்டுத்தான் எடுக்கிறோம். ஆள் கிடைக்கிற நாளில் அடைப்பு வராது, அடைப்பு வருகிற நாளில் ஆளுடைய போன் வேலை செய்யாது. அறையில் ஆட்கள் நிற்கும்போது கொமட்டில் தண்ணீர் ஏறி நின்றால் என்ன நிலைமை என்று சொல்லத் தேவையில்லை. மாரி தொடங்க முதல் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிவிட யோசனை.

டவுனில் ஹாட்வெயாரில் இரண்டு பார்த்தேன். ஒன்று கரண்ட், 1800 வாட், பெட்டியில் 140 பார் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மற்றது பெற்றோல், 6.5 குதிரைவலு, 170 பார். பார் கூடினால் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு போகும் என்கிறார் கடைக்காரர். இதற்குப் பூட்டுகிற 15 மீற்றர் பைப் கழுவும் ஹோஸ் ஒன்றும் தனியாக விற்கிறார்கள். எதை எடுப்பது? பிவிசி வெடிக்காதா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனை பைப்காரன்:

தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. பார் என்பது அடைப்பை வெட்டுகிற பலம். வெட்டினதை அள்ளிக்கொண்டு போவது நிமிடத்துக்கு வருகிற லீற்றர். ஹோட்டல் லைன்கள்தான் எனக்கு வேலை, 200 பார் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு அடைப்புப் போகுதில்லை என்று கூப்பிடுகிற இடங்களில் மெஷினைத் திருப்பிப் பார்த்தால் நிமிடத்துக்கு 6, 7 லீற்றர்தான் வரும் என்று தகட்டிலேயே எழுதியிருக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது உச்ச பார், வேலை செய்யும்போது அதைவிடக் குறையும். நீங்கள் பார்க்க வேண்டியது தகட்டில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்தை.

ஒரு கணக்குத் தருகிறேன், கடையில் நின்றே போட்டுப் பார்க்கலாம். பாரை நிமிட லீற்றரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் கிலோவாட் வரும். 110 பார், 6 லீற்றர் என்றால் 1.1 கிலோவாட். 1800 வாட் மோட்டரில் பம்ப், மோட்டர் எல்லாம் தின்றது போக அதற்கு மேல் கனக்க எதிர்பார்க்க ஏலாது. 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 3 கிலோவாட்டுக்குக் கிட்டத்தான் எடுக்கலாம், ஆகவே வீட்டுக் கரண்டில் ஓடுகிற எந்த மெஷினிலும் பாரைக் கூட்டினால் லீற்றர் குறையும், லீற்றரைக் கூட்டினால் பார் குறையும், இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இஞ்சினுக்குப் போக வேண்டியதுதான். 6.5 குதிரைவலு பெற்றோல் 9, 10 லீற்றர் போல அடிக்கும். 13 குதிரைவலு என்றால் 15 லீற்றர். தெருவில் லொறியில் வைத்து அடிக்கிறார்களே, அது வேறு சாதி, அங்கே லீற்றர் நூற்றுக்கணக்கில்.

உங்கள் 2 இஞ்சிக் குசினி லைனுக்குக் கரண்ட் மெஷினே தாராளம். 4 இஞ்சி லைனில் கடதாசி, கொழுப்பு என்றால் சின்னப் பெற்றோல் மெஷின் சமாளிக்கும். மணல் என்றால் கதை வேறு. கடற்கரை ஈர மணலில் விரலால் துளை போடுகிற மாதிரித்தான், ஹோஸ் நுனியில் பூட்டுகிற நொசில் போகிற அளவுக்கு வழி விடும், ஹோஸை இழுத்தவுடன் திரும்ப மூடிக்கொள்ளும். 4 இஞ்சிப் பைப்பில் பாதியளவு தண்ணீர் விநாடிக்கு 60 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடினால்தான் மணல் படியாமல் போகும், அதற்கு நிமிடத்துக்கு 140 லீற்றருக்குக் கிட்ட வேண்டும். எந்தச் சின்ன மெஷினும் அதைத் தராது. அதனால் நாங்கள் செய்வது, நொசில் உள்ளே மணலைக் கிளப்பிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மேல்பக்கத்துக் குழியில் ஒருவர் நின்று பெரிய வாளியால் ஒரே மூச்சில் தண்ணீரை ஊற்றுவார். மெஷின் கிளப்பும், வாளி தள்ளும். சும்மா சொல்லவில்லை, செய்து பாருங்கள்.

நொசிலைப் பற்றி. மெஷினோடு வருகிற கழுவும் துப்பாக்கியில் பூட்டுகிற நொசில் இதற்குச் சரிவராது. பைப்புக்குரிய நொசிலில் பின்பக்கமாக மூன்று நான்கு துளை இருக்கும், பின்னால் அடிக்கிற தண்ணீர்தான் ஹோஸை முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் தள்ளத் தேவையில்லை. முழுதாக அடைத்துக் கிடந்தால் முன்னாலும் ஒரு துளை உள்ளதை எடுங்கள். கொழுப்பு சுவரில் ஒட்டியிருந்தால் சுழலுகிற நொசில் நன்றாகச் சுரண்டும். துளையின் அளவு பம்பின் லீற்றருக்குப் பொருந்த வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். துளை பெரிதானால் பார் விழுந்துவிடும், சிறிதானால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகி சீல் போய்விடும்.

பிவிசி நல்லதாக இருந்தால் வெடிக்காது, ஆனால் நான் 180 பாருக்கு மேல் பிவிசியில் அடிப்பதில்லை, நொசிலை ஒரே இடத்தில் பிடித்து வைப்பதுமில்லை. பசை சரியாகப் போடாத ஜொயின்ட் இருந்தால் அது கழன்றுபோக இடமுண்டு.

90 அடிக்கு 15 மீற்றர் ஹோஸ் பாதி வழியில் நிற்கும், அதையும் யோசியுங்கள். 30 மீற்றர் எடுத்தால் ஹோஸுக்குள்ளேயே பலம் கரையும், மெல்லிய ஹோஸில் லீற்றரை இரண்டு மடங்காக்கினால் இழப்பு நான்கு மடங்குக்குக் கிட்ட வரும்.

ஓய்வுபெற்ற டீஓ, மட்டக்களப்பு:

மெஷின் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் காசு கொடுக்க முதல் ஒரு விடயம். அடைத்திருப்பது பைப்பா, அல்லது டாங்கின் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற சோக்கேஜ் பிட்டா என்று பார்த்தீர்களா?

கல்லடி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கார்த்திகை, மார்கழியில் வாவி நிறைந்து நின்றால் நிலத்தடி நீரும் கூடவே ஏறும், முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்குப் போன பிறகுதான் அது இறங்கும். அந்த நாட்களில் சோக்கேஜ் பிட் தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்ச மண்ணில் இடமே இராது. செப்டிக் டாங்க் நிறைந்து, வருகிற பைப்பின் வாய்க்கு மேல் தண்ணீர் நிற்கும். அப்போது 500 பாரில் அடித்தாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் வீட்டுக்காரருக்கு அது பைப் அடைப்பு மாதிரியே தெரியும், பிளம்பரும் வந்து கம்பி விட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

பார்க்கிற வழி இலகு. அடைத்திருக்கும் நேரத்தில் வளவுக்குள் இருக்கும் குழியையும் டாங்கின் மூடியையும் திறவுங்கள். குழி நிறைந்து, டாங்கில் மட்டம் பைப்பின் வாய்க்குக் கீழே இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். டாங்கும் நிறைந்து நின்றால் மெஷினை மறந்துவிட்டு, டாங்கை உறிஞ்சி எடுக்கிற கல்லி பவுசரைக் கூப்பிடுங்கள், மாநகர சபையில் காசு கட்டிப் பதியலாம். மாரியில் பவுசர் எடுத்த கையோடு திரும்ப நிறைந்தால் பிட்டின் இடத்தையும் உயரத்தையும் மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். மூடியைத் திறந்தால் உடனே தலையைக் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், காற்றோட விட்டுவிட்டு டோர்ச் அடித்துத் தள்ளி நின்று பாருங்கள். என்ன காரணத்துக்காகவும் உள்ளே இறங்க வேண்டாம். அந்தக் காற்றில் ஆள் மயங்கி விழுந்து, தூக்கப் போனவரும் விழுந்து செத்த கதை நம் நாட்டில் நிறைய உண்டு.

இன்னொன்று சரிவு. 4 இஞ்சி லைனுக்கு 60 அடிக்கு 1 அடி என்றால், 90 அடிக்கு ஒன்றரை அடி விழ வேண்டும். நிலத்தடி நீர் உயரமாக இருக்கிற தட்டை மண்ணில் ஆழமாக வெட்டினால் ஊறி நிறையும் என்று மேசன்மார் மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். மணலில் பைப் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தாலும் அந்தத் தாழ்வில் எப்போதும் அழுக்குத் தேங்கும். மெஷினால் கழுவலாம், தாழ்வை நிமிர்த்த முடியாது.

கல்லடிக் கரை:

நன்றி நானா, நன்றி சேர். நேற்றுத் திரும்ப அடைத்தது, இந்தத் தடவை சந்தோசமாகப் போய் இரண்டையும் திறந்தேன். டாங்கில் மட்டம் பைப்பின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே நிற்கிறது. குழிதான் நிறைந்து கிடந்தது. கோப்பையால் அள்ளி இறைத்துப் பார்த்தால் அடியில் நல்ல மணல், கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. குசினிப் பைப் வந்து விழுகிற வாயில் மஞ்சளும் வெள்ளையுமாக மெழுகு மாதிரி ஒரு படை, விரலால் சுரண்டினால் கட்டியாக வருகிறது.

மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததில், கடலில் குளித்துவிட்டு வருகிற ஆட்கள் கால் கழுவ வாசலில் ஒரு பைப் வைத்திருக்கிறோம், அந்தத் தண்ணீர் இந்தக் குழிக்குத்தான் வருகிறது. குழியின் மூடியும் ஒரு மூலையில் உடைந்து முற்றத்து மட்டத்தில் இருக்கிறது. அப்ப பெற்றோல் மெஷினை எடுக்கவா, விடவா?

சம்மாந்துறை வயல்:

ஏன் புது மெஷினுக்குக் காசைக் கொட்டுகிறீர்கள்? எங்கள் பக்கம் வயலுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர் பம்ப் இல்லாத ஊரில்லை. இஞ்சினோடு பெல்ட் போட்டு ஓடுகிற மூன்று பிஸ்டன் பம்ப். 20 முதல் 40 பார் வரைதான் வரும், ஆனால் நிமிடத்துக்கு 20 லீற்றர் போல அடிக்கும், பெரிய பம்பில் அதைவிடவும் கூட. 100 மீற்றர் ஹோஸ் சுருட்டோடேயே வரும். அதன் நுனியில் பின்துளை நொசில் ஒன்றைப் பூட்டி மில் கான் ஒன்றை நானே எடுத்திருக்கிறேன், உமியும் மண்ணும் கலந்து கிடந்தது, அப்படியே வழித்துக்கொண்டு போனது. மருந்தடி முடிந்தால் மறுகா பம்ப் சும்மாதானே கிடக்கிறது, நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

கல்முனை பைப்காரன்:

சம்மாந்துறைக்காரர் சொல்வதில் விசயம் இருக்கிறது, மணலுக்கு அது நல்ல யோசனைதான். மில் கான் திறந்த கான், வீட்டு லைனில் கொஞ்சம் கவனம். அந்த ஹோஸ் தடிப்பு, 4 இஞ்சியில் வளைவைக் கடக்க மல்லுக்கட்டும். நொசில் துளை பெரிதாக இருக்க வேண்டும், பிரஷர் வோஷருக்கு விற்கிற நொசிலைப் போட்டால் தண்ணீர் போகாது. கொழுப்பை 30 பார் வெட்டவும் வெட்டாது. எல்லாவற்றையும் விட, மருந்து அடித்த பம்பை நன்றாகக் கழுவாமல் கிணறு உள்ள வளவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கல்லடித் தம்பிக்கு, நீங்கள் பார்த்துச் சொன்னதை வைத்து என் அபிப்பிராயம் இதுதான். பெற்றோல் மெஷின் வேண்டாம். கால் கழுவுகிற தண்ணீரை லைனிலிருந்து வெட்டித் தென்னை மரத்தடிக்கு விடுங்கள், குழி மூடியை முற்றத்துக்கு நாலு விரல் உயர்த்திப் புதிதாக வார்த்துப் போடுங்கள். மணல் வருவது நின்றால் உங்களுக்கு மிஞ்சுவது குசினிக் கொழுப்பு, அந்த 2 இஞ்சிப் பைப்புக்குக் கரண்ட் மெஷினும் 15 மீற்றர் ஹோஸும் போதும். இப்போது உள்ளே கிடக்கிற மணலை ஒரு தடவை கூலிக்கு ஆள் வைத்து எடுத்துவிடுங்கள். அதே கையோடு டாங்குக்குக் கிட்ட லைனில் ஒரு வை ஜொயின்ட் (Y வடிவ இணைப்பு) போட்டு மேலே மூடி வைத்தால் அடுத்த முறை அங்கிருந்து மேல்நோக்கி ஹோஸ் விடலாம். எப்போதும் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் கிளம்புகிற அழுக்கு சரிவோடு சேர்ந்து இறங்கும்.

ஹோஸ் நுனியிலிருந்து ஒரு மீற்றரில் சிவப்பு டேப் சுற்றுங்கள். வெளியே இழுக்கும்போது சிவப்பைக் கண்டால் மெஷினை நிற்பாட்ட வேண்டும். இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம், ஓடுகிற நொசில் வெளியே வந்தால் பாம்பு மாதிரி அடிக்காது, அதைவிட மோசம், எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது. போடும்போதும் நொசிலை இரண்டடி உள்ளே விட்ட பிறகுதான் சுவிட்ச். 4 இஞ்சியில் மெல்லிய ஹோஸ் உள்ளேயே மடிந்து திரும்பி உங்களிடமே வரப் பார்க்கும், அதற்கு நொசிலுக்குப் பின்னால் பைப்பின் அகலத்தைவிட நீளமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று பூட்டுவார்கள். கொமட்டுக்குள்ளால் ஹோஸ் விடுவது அறவே வேண்டாம், வளைவில் சிக்கும், கொமட்டும் கீறும். பம்பைத் தண்ணீரில்லாமல் ஓட விடாதீர்கள், பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மெஷினைவிட உயரத்தில் வைத்து எடுங்கள், கிணற்றுத் தண்ணீர் என்றால் வாயில் ஃபில்டர் கட்டாயம். பிளக் போடுகிற லைனில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பட்டனை அமத்திப் பாருங்கள்.

குசினி ராத்தா, காத்தான்குடி:

எல்லாரும் மெஷின் கதைக்கிறீர்கள், நான் குசினிக் கதை சொல்கிறேன் தம்பி. அந்த மஞ்சள் வெள்ளைக் கட்டி மாட்டுக் கொழுப்பும் சவர்க்காரமும். சூடான கறிச் சட்டியைச் சிங்கில் கவிழ்க்கும்போது எண்ணெய் மாதிரி ஓடும், பைப்பில் ஆறினால் உறையும். தேங்காய் எண்ணெய் நம் வெயிலுக்கு இலேசில் உறையாது, இறைச்சிக் கொழுப்புத்தான் ஆள். எங்கள் கடையில் சிங்குக்குக் கீழே கொழுப்புத் தொட்டி வைத்திருக்கிறோம், தண்ணீர் மெல்ல நின்று போகும், கொழுப்பு மேலே மிதக்கும், அள்ளிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுப்போம். அள்ளுகிறதுதான் வேலை, விட்டால் ஒரு கிழமைக்குள் நாறும். சட்டியைக் கழுவ முதல் கடதாசியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள், பெடியன்கள் முறைப்பார்கள், ஒரு மாதம் நின்று பார்த்தால் பழகிவிடும். கொதிதண்ணீர் ஊற்றினால் போகும் என்பவர்களை நம்ப வேண்டாம், இங்கே உருகி அங்கே தூரத்தில் போய் உறையும், பிறகு எடுப்பது இன்னும் கஷ்டம்.

ஓய்வுபெற்ற டீஓ, மட்டக்களப்பு:

இரண்டு விடயம் விடுபட்டுவிட்டது. மெஷின் போடுகிற லைனில் முதல் நாள் காஸ்டிக் சோடாவோ அசிட்டோ ஊற்றியிருந்தால் அன்றைக்கு மெஷின் போட வேண்டாம், தெறிக்கிற தண்ணீர் கண்ணில் பட்டால் கண் போகும். கூலிக்கு ஆள் வருகிறாரென்றால் அவருக்கும் சொல்லிவிடுங்கள். மற்றது, நொசில் தண்ணீர் கையில் பட்டு ஊசி குத்தின மாதிரிச் சின்னப் புள்ளிதான் இருந்தாலும், இரத்தம் வரவில்லை என்று விட வேண்டாம். தோலுக்குள்ளே அழுக்குத் தண்ணீர் ஏறியிருக்கும். நேரே போதனா வைத்தியசாலைக்குப் போய் பிரஷர் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும், அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

எலி ஓடுகிற கான் என்றால் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. பூட்ஸ், நீளக் கையுறை, கண்ணாடி, வாய்க்குக் கவசம் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் கான் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். வயல் வேலைக்காரருக்குக் கொடுக்கிற தடுப்பு மாத்திரை பற்றி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கலாம்.

கல்லடிக் கரை:

ராத்தா சொன்ன துடைக்கிற வேலையை இன்றைக்கே தொடங்கியாயிற்று, முறைப்பும் கிடைத்தது. கால் கழுவுகிற பைப்பைத் தென்னைப் பக்கம் திருப்ப நாளை ஆள் வருகிறார். மணலை எடுக்கவும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், வை ஜொயின்ட்டும் அவரே போடுகிறேன் என்றார். பிறகு கரண்ட் மெஷினும் 15 மீற்றர் ஹோஸும். நானா, அந்த ஹோஸ் எந்த மெஷினுக்கும் பூட்டுமா, அல்லது அதே கம்பனியுடையதுதான் வேண்டுமா?

கல்முனை பைப்காரன்:

பூட்டுக்கள் பல விதம். துப்பாக்கி ஹோஸைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், போட்டோ காட்டி வாங்க வேண்டாம். முறுக்குகிற பித்தளைப் பூட்டு எம்22 என்றால் அதற்குள் 14 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர் என்று இரண்டு உண்டு, வெளியில் பார்க்க ஒரே மாதிரி, மரையும் ஏறும், ஆனால் மாறினால் ஒழுகும் அல்லது ஓ-ரிங் வெட்டுப்படும். சில மெஷின்களுக்கு சும்மா செருகுகிற பூட்டு, அதற்கு அடப்டர் வேண்டும். கடையிலேயே பூட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்துக் காசு கொடுங்கள், ஓ-ரிங்கும் கூட ரெண்டு வாங்கிப் போடுங்கள், சில்லறைக் காசைப் பாராமல்.